கூப்பிடுற பேரையே சர்டிபிகேட்லயும் வைக்கறது எப்படி: பையனுக்கு யுனிசெக்ஸ் பேர் தேடறவங்களுக்கு

என் பையன் பேரு மதி. மதியழகன் இல்ல, மதிவாணன் இல்ல, வெறும் மதி, அவ்ளோதான். ரெண்டு எழுத்து. பொண்ணுக்கும் வைக்கலாம் பையனுக்கும் வைக்கலாம், வீட்ல கூப்பிடறதும் அதுதான் ரெஜிஸ்டர்ல இருக்கறதும் அதுதான். இப்ப என் நாத்தனார் ஏழு மாசம், அவளும் இதே மாதிரி ஒரு பேர் வேணும்னு என்னைய புடிச்சுகிட்டா, அவளுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பி அனுப்பி தொண்டை போச்சு, அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டா யாருக்காவது உதவும்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யுனிசெக்ஸ் பேர்னா ஏதோ ஃபாரின் ஃபேஷன்னு நெனைக்கறாங்க நெறைய பேர். நம்ம ஊருக்கு தான் அது ரொம்ப தேவை. ஏன்னா நமக்கு பொறக்கற வரைக்கும் ஆணா பொண்ணான்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது, 1994 சட்டம் இருக்கு, ஸ்கேன் சென்டர்ல எல்லாம் போர்டு தொங்கும் பாத்திருப்பீங்க. ஆனா அஞ்சு மாசத்துல இருந்தே உள்ள உதைக்க ஆரம்பிச்சுடுது, அத ஏதாவது சொல்லி கூப்பிடணுமில்ல. நாங்க அப்படித்தான் மதின்னு கூப்பிட ஆரம்பிச்சோம். எங்க வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து வயித்துகிட்ட குனிஞ்சு "மதி, தூங்கிட்டியா"ன்னு கேப்பார். வளைகாப்புக்கு வந்த எல்லாருக்கும் அந்தப் பேர் தெரிஞ்சுபோச்சு. பொறந்தது பையன். அப்பறம் எதுக்கு பேர மாத்தறது?

சரி வேலைக்கு வருவோம்.

ஸ்டெப் 1: உங்க வீட்ல ரெட்டைப்பேர் எப்படி வந்துச்சுன்னு பாருங்க

நம்ம வீடுகள்ல முக்காவாசி பேருக்கு ரெண்டு பேர் இருக்கும். இதுக்கு ஒரு காரணம் தாத்தா பேர பேரனுக்கு வைக்கற பழக்கம். மாமனார் பேர மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு இருந்த காலத்துல, பையனுக்கு மாமனார் பேர வெச்சுட்டா பெத்தவளே பிள்ளைய பேர் சொல்லி கூப்பிட முடியாது, அதனால ராசு, கண்ணு, தம்பி, சாமின்னு என்னவோ ஒண்ணு. எங்க கோயமுத்தூர் பக்கம் "கண்ணு", "சாமி" ரெண்டும் பையனுக்கும் சொல்லுவாங்க பொண்ணுக்கும் சொல்லுவாங்க, கடைக்கு வர்ற முன்னப்பின்ன தெரியாத பிள்ளையக் கூட "என்ன கண்ணு வேணும்"னு தான் கேப்பாங்க. இன்னொரு காரணம், பிள்ளைங்க தங்காத வீடுகள்ல வேணும்னே கேவலமா ஒரு பேர் வைக்கறது. குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி. குப்புசாமி, குப்பம்மா, பிச்சைமுத்து, பிச்சையம்மா எல்லாம் அந்த வழி தான். அந்தப் பேர்கள்லயும் ஆண் பெண் வித்தியாசமே கெடையாது, கவனிச்சீங்களா.

ரெட்டைப்பேரோட தொல்லை என்னன்னா அது பேப்பருக்கு வரும்போது தெரியும். எங்க பெரியப்பா மகன் கல்யாணப் பத்திரிகைல "ராஜேந்திரன் (எ) குட்டி"ன்னு அடிச்சாங்க, ஏன்னா ராஜேந்திரன்னு போட்டா ஊர்ல ஒருத்தருக்கும் யாருன்னு தெரியாது. வயசு முப்பத்திரெண்டு, மீசை இருக்கு, குட்டி. நெலப் பத்திரத்துலயும் அந்த "(எ)" வந்துச்சு. பேங்க்ல ஒரு பேர், பத்திரத்துல ஒரு பேர்னு அவன் அலைஞ்ச அலைச்சல பாத்துட்டு தான் நான் முடிவு பண்ணினேன், என் பிள்ளைக்கு ஒரே பேர் தான், எந்த "(எ)"யும் வேண்டாம்னு.

ஸ்டெப் 2: வாலை வெட்டுங்க

பேர் கண்டுபிடிக்கறதுக்கு புக்கு ஆப்பு எதுவும் வேண்டாம். நம்ம தமிழ்ப் பேர்கள்ல ஆணா பெண்ணான்னு சொல்றது பெரும்பாலும் வால் தான். அன், அரசன், செல்வன்னு முடிஞ்சா பையன். இ, அரசி, செல்வின்னு முடிஞ்சா பொண்ணு. வாலை வெட்டிட்டா மிச்சம் இருக்கறது ரெண்டு பேருக்கும் பொது. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, வெட்டுனா தமிழ். எழிலன், எழிலரசி, வெட்டுனா எழில். அன்பழகன், அன்புச்செல்வி, வெட்டுனா அன்பு. முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்து. வடமொழிப் பேர்லயும் இதே கத்திரி வேலை செய்யும், சசிகுமார் சசிகலா ரெண்டும் சசி, பாலமுருகனும் பாலா, பரதநாட்டியம் ஆடின பாலசரஸ்வதியும் பாலா தான். சுப்பிரமணியமும் சுப்பு, சுப்புலட்சுமியும் சுப்பு.

வால் வெட்டுனதும் அது தானா செல்லப்பேர் மாதிரி ஆயிடும், அதான் இதுல அழகே. செல்லப்பேர் ஸ்டைல்ல வேணும்னு தனியா சிண்டு பப்புன்னு தேட வேண்டியதில்ல. (சிண்டு, பப்பு, சோனு எல்லாம் என்னோட லிஸ்ட்ல இல்ல. தொட்டில்ல நல்லா இருக்கும், நாப்பது வயசுல லோன் கேக்கப் போகும்போது?) இருந்தாலும் குழந்தைப்பேர் வளந்தும் ஒட்டிக்கிட்டு கௌரவமா நின்னதும் உண்டு. பாப்பா உமாநாத்னு கம்யூனிஸ்ட் தலைவர் ஒருத்தர், சொந்தப் பேரு தனலட்சுமி, பொன்மலை ரயில்வே தொழிலாளிங்க போராட்டத்துல சின்னப் பிள்ளையா நின்னப்ப பாப்பான்னு கூப்பிட்டது கடைசி வரைக்கும் பாப்பா தான். அது அவங்களோட வாழ்க்கை அந்தப் பேருக்குக் குடுத்த எடை, நாம அத நம்பி வைக்க முடியாது.

வெட்டி வர்ற பேர் எல்லாமே நட்டநடுவுல நிக்காது, அதையும் பாத்துக்கோங்க. கதிர், முகில், புகழ் எல்லாம் காதுக்கு பையன் பக்கம் சாயும். நிலா, கயல் பொண்ணு பக்கம் சாயும். தமிழ், மதி, எழில், அன்பு, மகிழ், சுடர், பாரதி, இதெல்லாம் நடுவுல. பாரதிய எடுத்துக்கோங்க, மீசை வெச்ச அந்த ஆளுக்கு எட்டயபுரத்துல கெடச்ச பட்டம், இன்னைக்கு தெருவுக்கு ரெண்டு பொண்ணு பாரதி இருக்கு, ஒரு பையன் பாரதியும் இருக்கான். பையனுக்கு வைக்கறதுன்னா நடுவுல இருக்கறத எடுங்கன்னு தான் நான் சொல்லுவேன். பொண்ணு பக்கம் ரொம்ப சாயறத எடுத்தா நீங்க தைரியமா இருப்பீங்க, ஆனா ஸ்கூல்ல நிக்கப் போறது அவன்.

ஸ்டெப் 3: கத்திப் பாருங்க

இது ரொம்ப முக்கியம், ஆனா யாரும் பண்றதில்ல. மாடியில நின்னு கீழ தெருவுல வெளையாடற பிள்ளைய சாப்பிடக் கூப்பிடற மாதிரி கத்திப் பாருங்க. "டேய் தமிழ்!" ல்-லயோ ழ்-லயோ முடியற பேர கத்துனா இழுக்க முடியாது, பாதியில அறுந்துடும், அதனால தான் தமிழ் நாளாவட்டத்துல தமிழு ஆயிடுது, எழில் எழிலு ஆயிடுது. மதி, முத்து, பாலா எல்லாம் உயிர்ல முடியறதால இழுத்து நீட்டி கூப்பிடலாம், "மதீஈஈ"ன்னு ஒரு சத்தம் போட்டா மூணாவது வீட்டுக்குக் கேக்கும், நான் தெனமும் போடறேன்.

ஸ்டெப் 4: கிண்டல் டெஸ்ட்

எங்களுக்கு மொதல்ல ரொம்ப புடிச்ச பேரு கனி. பொண்ணுன்னா கனிமொழி கனி, முஸ்லிம் வீடுகள்ல பாத்தீங்கன்னா கனி ஆம்பளைங்க பேரு, சூப்பர் யுனிசெக்ஸ் கெடச்சிடுச்சுன்னு நான் குதிச்சேன். எங்க அண்ணன் காபி குடிச்சுட்டே கேட்டுட்டு இருந்தவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான், "சனி". அவ்ளோதான். அன்னைக்கோட கனி போச்சு. அவன் ஸ்கூல்ல வாங்கின பட்டப்பேர் அனுபவம் அவனுக்கு.

அதனால வீட்ல இருக்கறதுலயே வாய்த்துடுக்கான ஆள ஒருத்தர கூப்பிட்டு உக்காரவெச்சு இந்தப் பேர கிண்டல் பண்ணுன்னு சொல்லுங்க. எழில்னா எலி. மதின்னா மந்தி. மகிழ்னா... அதுக்கு ஒண்ணும் சட்டுனு வரல, ஆனா பசங்க கண்டுபிடிப்பானுங்க. கிண்டலே வராத பேர் ஒலகத்துல கெடையாது, மந்தின்னு சொன்னா சிரிச்சுட்டு போயிடலாம், சனின்னு தெனமும் கேக்கறது வேற. எது தாங்கும் எது தாங்காதுங்கறது உங்க வீட்டு முடிவு.

இதோட சேத்து இனிஷியலையும் பாருங்க. நம்ம ஊர்ல பேரு தனியா நிக்காது, முன்னாடி அப்பா எழுத்து ஒண்ணு வந்து ஒட்டிக்கும், இப்ப இனிஷியலும் தமிழ்லயே எழுதச் சொல்றாங்க, அதனால ரெண்டையும் சேத்து வேகமா படிங்க. அப்பா சரவணன், பையன் கதிர்னா ச.கதிர், சேத்துப் படிச்சா சகதிர், நாலாங்கிளாஸ் பசங்களுக்கு சகதின்னு மாத்த எவ்ளோ நேரமாகும்? அப்பா அருள்னா அ.கதிர், அது அகதி. பேர் சின்னதா இருக்கறதால தான் இந்தப் பிரச்சனை, நீளமான பேருக்கு இனிஷியல் ஒட்டுனாலும் யாருக்கும் தோணாது. எங்க வீட்டுக்காரர் பேரு நி-ல ஆரம்பிக்குது. நி.மதி. நிம்மதி! எங்க மாமனார் அதுவரைக்கும் மொகத்த தூக்கி வெச்சுட்டு இருந்தவரு, இதக் கேட்டதும் தான் சிரிச்சாரு.

ஸ்டெப் 5: பக்கத்து மொழில என்ன அர்த்தம்

இத நான் பண்ணல. பண்ணிருக்கணும்.

எங்களுக்கு பக்கத்து ஃபிளாட்ல பாலக்காட்டு சேச்சி. பையன் பொறந்து வந்ததும் பாக்க வந்தாங்க, பேர் என்னன்னு கேட்டாங்க, மதின்னு சொன்னேன். சேச்சி ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாங்க, அப்பறம் சிரிப்ப அடக்கவே முடியல. மலையாளத்துல மதின்னா போதும்! சோறு போடும்போது இலைக்கு மேல கைய நீட்டி மதி மதின்னு சொல்லுவாங்கல்ல அது. "ஒண்ணு பெத்ததும் மதியோ"ன்னு கேட்டுட்டாங்க. இதுல சேச்சியோட வீட்டுக்காரர் சாப்பிட உக்காந்திருக்கும்போது நான் வெளிய நின்னு மதி மதின்னு கத்துனா சேச்சி குழம்பு ஊத்தறத நிறுத்திடறாங்களாம், இது உண்மையா கிண்டலான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நல்லவேளை, போதும்ங்கறது கெட்ட வார்த்தை இல்ல. ஆனா ரெண்டெழுத்து மூணெழுத்து பேர்ல இந்த ஆபத்து ஜாஸ்தி, சின்னச் சத்தம் எல்லா மொழியிலயும் எதாவது ஒண்ணா இருக்கும். மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசற நாலு பேர்கிட்ட ஒருதடவ சொல்லிப் பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்டெப் 6: பெரியவங்க

"ஆம்பளப் பையனுக்கு பொம்பளப் பேரா"ன்னு கட்டாயம் வரும். அர்த்தம் எல்லாம் சொல்லி புரியவைக்கப் பாக்காதீங்க, அர்த்தம் அவங்களுக்கும் தெரியும். ஆள காட்டுங்க. வங்காளத்துல 1977ல இருந்து 2000 வரைக்கும் முதலமைச்சரா இருந்த ஜோதி பாசு ஆம்பள தான. நம்ம ஊர்ல ஜோதின்னா பொண்ணு. கிரண் பேடி பொம்பள போலீஸ், கிரண் மோரே விக்கெட் கீப்பர். அப்பறம் ரவி, ஹரி, மணி, பழனி எல்லாம் இ-ல தான் முடியுது, அதெல்லாம் பொம்பளப் பேரான்னு கேளுங்க. எங்க மாமனாருக்கு மணி தான் வேலை செஞ்சது, ஏன்னா அவரோட கூட்டாளி பேரே மணி.

அத்தைக்கு நட்சத்திர எழுத்து வேணும்னாங்க. பையன் மகம், மகத்துக்கு ம, மி, மு, மெ, தன்னால அமைஞ்சிடுச்சு. அமையலைன்னா என்ன பண்ணிருப்போம்னா, காதுல மூணு தடவை சொல்றதுக்கு ஒரு சாமி பேரு, ரெஜிஸ்டருக்கு மதி. காதுல சொல்றதுக்கு ஆதார் கேக்க மாட்டாங்க. இன்னொண்ணு சொல்லணும், இந்தப் பயமெல்லாம் பேப்பர்ல தான். வீட்ல பேசும்போது நம்ம பேச்சுலயே எல்லாம் இருக்கு, மதி வந்தான்னு சொன்னா பையன், வந்தானா வந்தாளான்னு வினைல தெரிஞ்சிடும். அதுவும் கைக்குழந்தைய அத்தையே "தூங்குது, முழிச்சுக்கிச்சு, பால் குடிச்சுச்சு"ன்னு தான் சொல்றாங்க, அவன் இவன்னு கூட இல்ல. அத சொல்லிக் காட்டுனேன், "போடி"ன்னாங்க. அது சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஸ்டெப் 7: இங்கிலீஷ் ஸ்பெல்லிங்

ழ இருக்கற பேர் வைக்கறவங்க இத மொதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுங்க. தமிழ், எழில், மகிழ், யாழ், இதுக்கெல்லாம் இஸட்-எச் போடறதா எல் போடறதான்னு அப்பா ஒண்ணு அம்மா ஒண்ணு எழுதிட்டு வருவாங்க, அப்பறம் ஆதார்ல ஒரு மாதிரி மார்க் ஷீட்ல ஒரு மாதிரி. மதிக்கே டி-எச்சா டி-எச்சான்னு எங்களுக்கு சண்டை, அதாவது தமிழ்நாட்டு வழக்கப்படி டீ-க்கு பக்கத்துல எச்சா, இல்ல டெல்லிக்கு வர்ற டி-க்கு பக்கத்துல எச்சா. ஒண்ண முடிவு பண்ணி அதுலயே நில்லுங்க. நியூமராலஜி பாத்து நடுவுல எக்ஸ்ட்ரா ஒரு எழுத்து சொருகறவங்களுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, ஆயுசுக்கும் ஒவ்வொரு கவுன்டர்லயும் ஸ்பெல்லிங் சொல்லப் போறது அந்தப் பிள்ளை.

ஸ்டெப் 8: ரெஜிஸ்டர் பண்றது

பொறந்து 21 நாளைக்குள்ள பொறப்ப பதிவு பண்ணணும், ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க, நீங்க பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணும்போது குடுப்பாங்களே, அது) கையில வெச்சிருந்தா போதும். இங்க எல்லாரும் பதறுவாங்க, அதுக்குள்ள பேர் முடிவு பண்ணணுமேன்னு. தேவையில்ல. பேர் இல்லாமலே பதிவு பண்ணலாம். பதிவான தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள எந்தக் கட்டணமும் இல்லாம பேர சேக்கலாம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி சேக்கலாம். என்னோட யோசனை, மூணு நாலு மாசம் அந்தப் பேர்ல கூப்பிட்டுப் பாருங்க, ஒட்டுதான்னு தெரிஞ்சுடும். ஆனா ஒரு தடவ ஏத்திட்டா எழுத்துப்பிழை திருத்தலாம், மனசு மாறி வேற பேர் வைக்கறதெல்லாம் கெஜட் வரைக்கும் போற அலைச்சல். அதுவும் 2023 அக்டோபர் 1க்கு அப்பறம் பொறந்த பிள்ளைங்களுக்கு பொறந்த தேதிக்கும் எடத்துக்கும் இந்த சர்டிபிகேட் தான் ஆதாரம், ஸ்கூலு பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் இதத்தான் கேப்பாங்க, அதனால அசால்ட்டா விடாதீங்க.

ஒத்தப் பேரா இருக்கறதால பாஸ்போர்ட்ல ஒரு விஷயம். சர்நேம் கட்டத்த காலியா விட்டுடாதீங்க. 2022 நவம்பர்ல துபாய் பக்கம் ஒத்தப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கெடையாதுன்னு சொல்லி நம்ம ஊர் ஆளுங்க எவ்ளோ பேர் முழிச்சாங்க, அப்பறம் தான் கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருந்தா சரின்னாங்க. அமெரிக்கா விசாலயும் பேர் கட்டம் காலியா இருந்தா எஃப்.என்.யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது பேர் தெரியல) அவங்களே ஒண்ண போட்டுடுவாங்க. இனிஷியல விரிச்சு அப்பா பேரையோ அம்மா பேரையோ சர்நேமா குடுத்துட்டா முடிஞ்சது.

ஸ்டெப் 9: ஆண்/பெண் கட்டத்த பாருங்க

யுனிசெக்ஸ் பேர் வெச்சா இந்த ஒரு கட்டம் தான் உங்க தலைவலி. பேரப் பாத்து அவங்களா டிக் போட்டுடுவாங்க. எங்க பையன் தடுப்பூசி அட்டைல முன்பக்கம் பெண்னு எழுதி இருந்துச்சு, எழுதினவங்க பிள்ளையப் பாக்கல, பேரத்தான் கேட்டாங்க. நானும் மூணாவது ஊசி வரைக்கும் கவனிக்கல. அதனால எந்த பேப்பர் கைக்கு வந்தாலும் கவுன்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி மூணு எடம் பாருங்க: பேரு, ஸ்பெல்லிங், ஆண்/பெண் கட்டம். ஆன்லைன்ல எறக்கினாலும் இதே தான். அஞ்சு வயசுக்குள்ள எடுக்கற அந்த நீலக் கலர் ஆதார்லயும் பாத்துக்கோங்க, கைரேகை அஞ்சு வயசுல தான் எடுப்பாங்க, அதுவரைக்கும் தப்பு இருந்தா இருந்துட்டே தான் இருக்கும். ட்ரெயின் டிக்கெட் போடும்போதும் சொந்தக்காரங்க யாராவது போட்டுக் குடுத்தா சொல்லிடுங்க, எங்க சித்தி ஒருதடவ மதிக்கு பெண்ணுன்னு போட்டு எடுத்துட்டாங்க, அவங்க இவன பாத்ததே இல்ல.

அந்த தடுப்பூசி அட்டைல நர்ஸக்கா பெண்ண அடிச்சுட்டு மேல ஆண்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நாத்தனாருக்கு இத வாய்ஸ் மெசேஜ்ல சொன்னப்ப அவ கேட்ட ஒரே கேள்வி, "அண்ணி, அப்ப தமிழா எழிலா?" எலியாவது பரவால்ல, ரெண்டையும் மாடியில நின்னு கத்திப் பாருடின்னு அனுப்பிருக்கேன், வாட்ஸப்ல இன்னும் ரெண்டு நீல டிக் வரல.